திங்கட்கிழமை வேப்பிலை

சித்திரை மாதத்தில் ஒரு சாயங்காலம் அகிலாண்டேஸ்வரி பின்வாசல் கதவைத் திறந்தபோது படியில் இரண்டு குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. குடங்கள் அவளுடையவைதான். காலையில் கவிழ்த்துப் போட்டபடி கிடந்தவை. இப்போது நிமிர்ந்து, நிறைந்து, வாயில் வெள்ளைத் துணி மூடி, துணி நழுவாதபடி சைக்கிள் டியூபில் அறுத்த வளையம் மாட்டி இருந்தன. சங்கரன்கோவிலில் அப்போது குழாயில் தண்ணீர் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்த மாதிரி நாளில் ஒருவர் இன்னொருவருக்கு ஒரு குடம் தண்ணீர் கொடுப்பது லேசான காரியம் இல்லை.

பக்கத்து வீட்டு ஷஹீராதான் வைத்திருப்பாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கேட்டுக்கொள்ளவும் இல்லை. மறுநாள் ஷஹீரா வீட்டுக்கு ஒரு கிண்ணம் சேமியாப் பாயசம் கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான்.

ஆனால் வைத்தவள் கோகிலா. அன்றைக்குக் காலையில் இதே வீட்டுத் தண்ணீரை ஏழு குடம் தரையில் ஊற்றிவிட்டு, வாங்கவேண்டிய ஏச்செல்லாம் வாங்கிக்கொண்டு போன அதே கோகிலா. வேலை முடிந்ததும் மூன்று தெரு தள்ளி தான் குடியிருக்கும் வீட்டிலிருந்து இடுப்பில் ஒன்றாக இரண்டு நடை சுமந்து வந்து ஊற்றிவிட்டு, கதவைத் தட்டாமல் போய்விட்டாள். இது அகிலாண்டேஸ்வரிக்குத் தெரிவதற்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. தெரிந்த நேரம் நல்ல நேரமாக இல்லை.

கோகிலாவுக்குக் குருவிகுளம் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். மழை பெய்தால் உளுந்து, மக்காச்சோளம். பெய்யாவிட்டால் வெடித்த கரிசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். புருஷன் சுடலைராஜ் ஆடு மேய்த்தவர். மூச்சிரைப்பு வந்து அவரால் ஆட்டுக்குப் பின்னால் நடக்க முடியாமல் போனதும், ஆடுகளைக் கொடுத்துவிட்டு இருவரும் டவுனுக்கு வந்தார்கள். ஒரே மகளை ராயகிரியில் கட்டிக் கொடுத்திருந்தது. டவுனில் கோகிலாவுக்குக் கிடைத்தது கொசு ஒழிப்பு வேலை. நிரந்தரம் கிடையாது, ஒப்பந்தக்காரர் மூலமாகத் தினக்கூலி. நீலக் கோட்டு ஒன்று, டார்ச் லைட் ஒன்று, தண்ணீரில் கலக்கிற மருந்து பாட்டில் ஒன்று. நாளைக்கு ஐம்பது வீடு. வீட்டுக்குள் போய் தொட்டி, டிரம், குடம், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, பூந்தொட்டி, தேங்காய்ச் சிரட்டை எல்லாம் பார்க்க வேண்டும். கொசுப் புழு நெளிந்தால் ஊற்றிவிட வேண்டும்.

கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் ஒரு நாளைக்கு ஐம்பது பேர் வீட்டுக்குள் கூப்பிடாமல் நுழைவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் தெரியும்.

"ஏம்மா, எங்க வீட்டு அடுப்படிக்குள்ள எட்டிப் பாக்கணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு?" என்பார் ஒருவர்.

"சட்டம் இருக்காம் அண்ணாச்சி. எங்கிட்ட இருக்கது இந்த டார்ச்சு மட்டுந்தான்" என்பாள்.

"கொசுன்னா ரோட்டுச் சாக்கடையைப் போய்ப் பாரு. எங்க குடத்துல என்ன இருக்கு?"

"இந்தக் கொசுக்குச் சாக்கடை பிடிக்காது அண்ணாச்சி. நல்ல தண்ணிதான் கேக்கும். நம்மள மாதிரிதான்."

அதற்குச் சிரிக்கிறவர்களும் உண்டு, நாயை அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் முட்டி இரண்டும் கொதிக்கும். சுடலைராஜ் உட்கார்ந்தபடியே தைலம் தேய்த்துவிடுவார். "இன்னைக்கு எத்தனை பேரு ஏசுனாங்க?" என்று கேட்பார். அவளுக்கு அதை எண்ணக்கூடத் தெம்பு இருக்காது.

வெள்ளிக்கிழமை மட்டும் சங்கரநாராயணர் கோயிலில் கோமதித் தாயார் சந்நிதிக்குப் போய் மாவிளக்கு போடுவாள். அகிலாண்டேஸ்வரியும் போவாள். அங்கே இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கும்பிடுவார்கள். "பிரியாவுக்கு வரன் எதுவும் வந்துச்சாக்கா?" என்று கோகிலா கேட்பாள். "வரும், வரும். நீயும் வேண்டிக்கோ" என்று அகிலாண்டேஸ்வரி தன் மாவிளக்கில் ஒரு பிட்டு கிள்ளிக் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை இப்படி இருப்பவர்கள் திங்கட்கிழமை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஏனென்றால் திங்கட்கிழமைதான் அந்தத் தெருவுக்குக் கோகிலா வரும் முறை.

ஒவ்வொரு வீட்டிலும் வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு அட்டை தொங்கும். பார்த்த தேதியைப் போட்டுக் கோகிலா கையெழுத்திட வேண்டும். கையெழுத்து என்றால், நான் உள்ளே போனேன், பார்த்தேன், புழு இல்லை என்று அர்த்தம். கையெழுத்துப் போட்ட வீட்டில் பிறகு புழு அகப்பட்டால் போட்டவள் வேலை போகும். வேலையில் சேர்ந்த அன்றைக்கே சுகாதார ஆய்வாளர் தில்லைநாயகம் அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஏச்சுக்கும் நாய்க்கும் பயப்படாத கோகிலா அந்த அட்டைக்குப் பயப்படுவாள். அந்தக் கூலியில்தான் சுடலைராஜின் மருந்தும் ஒற்றை அறையின் வாடகையும் இருந்தன.

மறு வருஷம் ஐப்பசியில் அகிலாண்டேஸ்வரியின் மகள் சண்முகப்ரியாவைப் பெண் பார்க்கத் திருவேங்கடத்திலிருந்து வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை. பதினைந்து பேராவது வருவார்கள். அதே நேரம் எங்கேயோ குழாய் உடைந்து, தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அகிலாண்டேஸ்வரி பின்கட்டில் சிமெண்டுத் தொட்டியும் இரண்டு நீல டிரம்மும் நிறையப் பிடித்து வைத்திருந்தாள். டிரம்முக்கு மூடி சரியாக உட்காராது. குனிந்து பார்த்தால் சின்னச் சின்னதாக நெளிந்தது. வடிகட்டிப் பாத்திரம் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். என் வீடு, என் தண்ணீர், என் பிள்ளை விசேஷம். இதில் நெளிகிறதைப் பற்றி ஊருக்கு என்ன?

ஆனால் திங்கட்கிழமை கோகிலா வருவாள். வந்தால் ஊற்றிவிடுவாள்.

அப்போதுதான் அகிலாண்டேஸ்வரிக்கு அந்த யோசனை வந்தது. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி வைப்பார்கள். செருகிவிட்டால் வெளியாள் யாரும் படி தாண்டக்கூடாது. அம்மன் உள்ளே இருக்கிறாள் என்று பொருள். கோகிலா எந்தச் சட்டத்துக்காகவும் அந்தப் படியைத் தாண்டமாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் பக்கத்தில் நின்று கும்பிடுகிறவள் அல்லவா.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு கொத்து வேப்பிலையை நிலையில் செருகினாள். பத்து மணிக்குக் கோகிலா வந்தாள்.

"என்னக்கா, வேப்பிலை?"

"அம்மன் வந்திருக்கா. எங்க வீட்டுக்காரருக்கு."

"ஐப்பசி மாசத்துலயா?"

"அவ நம்மட்ட கேட்டுட்டா வாரா?"

கோகிலா செருப்பைக் கழற்றிவிட்டு வேப்பிலையைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு, "அப்போ அம்மை வீடுன்னு எழுதிட்டுப் போறேன்க்கா. நர்சம்மா வந்து பாப்பாங்க" என்றாள்.

"அய்யோ, எழுதிராத தாயி. பிரியாவைப் பாக்க வாராங்க. அம்மை வீடுன்னு பேரு வெளிய போச்சுன்னா ஒருத்தரும் படியேற மாட்டாங்க. பாத்தாச்சுன்னு ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயிரு, உனக்குப் புண்ணியமாப் போகும்." சொல்லிக்கொண்டே கதவுக்குப் பின்னால் இருந்த அட்டையை எடுத்து வந்து வாசலுக்கு வெளியே நீட்டினாள்.

கோகிலா அட்டையை வாங்கி, பேனாவை எடுத்தாள். வெயில் அவள் நீலக் கோட்டின் மேல் விழுந்து முதுகெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது.

"பின்கட்டுல தண்ணி எதுவும் திறந்து கிடக்கா?"

"எல்லாம் மூடித்தான் இருக்கு."

"தாயாரு பேரால சொல்லுதியளா?"

அகிலாண்டேஸ்வரி வேப்பிலையைப் பார்க்கவில்லை. "சொல்லுதேன்" என்றாள்.

கோகிலா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மத்தியானம் வேப்பிலை நிலையிலிருந்து இறங்கியது. அடுத்த திங்கட்கிழமை காலையில் மறுபடியும் ஏறியது. அன்றைக்கும் கோகிலா கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். சாயங்காலம் காய்ந்த துணி எடுக்க மாடிக்கு வந்த ஷஹீராவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏன்க்கா, உங்க அம்மன் திங்கக்கிழமை மட்டுந்தான் வருவாளோ? மத்த நாளு லீவோ?"

"சும்மா இரு பிள்ளை. எல்லாம் அந்த டார்ச்சுக்காரிக்காகத்தான்."

"நல்ல ஆளுதான் நீங்க. சர்க்காரையே வாசல்ல நிறுத்திட்டியளே" என்று ஷஹீராவும் சேர்ந்து சிரித்தாள். அவளுடைய ஆறு வயது மகள் ஆயிஷா சித்திகா அப்போது அகிலாண்டேஸ்வரி வீட்டுப் பின்கட்டில்தான் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தப் பிள்ளைக்கு அங்கேதான் விளையாட்டு. டிரம்மைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, சண்முகப்ரியா கொடுக்கிற முறுக்கைத் தின்றுகொண்டு.

வெள்ளிக்கிழமை வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்று கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு ராத்திரியே ஆயிஷாவுக்குக் காய்ச்சல்.

முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் உடம்பில் சிவப்பாகப் பூத்தது. பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சுருண்டுகொண்டது. ரத்தம் எடுத்துப் பார்த்தபோது டெங்கு என்று தெரிந்தது. ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன, இங்கே வைத்திருக்க வேண்டாம் என்றார்கள். ஆட்டோ ஓட்டுகிற ஷஹீராவின் புருஷன் ஃபாரூக் தன் பிள்ளையைத் தானே மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்சில் திருநெல்வேலிக்குப் போனார். ஷஹீரா ஏறும்போது அகிலாண்டேஸ்வரியின் கையைப் பிடித்து, "துஆ செய்யுங்கக்கா, வேண்டிக்கோங்க" என்றாள். அந்தக் கையை எடுத்த பிறகும் அந்தச் சூடு போகவில்லை.

எந்தக் கொசு எங்கே பிறந்து அந்தப் பிள்ளையைக் கடித்தது என்று யார் சொல்ல முடியும்? ஊரில் மழைத் தண்ணீர் தேங்கிய இடம் நூறு இருக்கும். அகிலாண்டேஸ்வரி தனக்குத்தானே இதைத்தான் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே பின்கட்டுக்குப் போய் டிரம்மை எட்டிப் பார்த்தாள். உள்ளேயிருந்து நாலைந்து கொசு முகத்துக்கு நேரே எழும்பிப் பறந்தது.

மறுநாள் காலையிலேயே தில்லைநாயகம் ஆட்களோடு வந்துவிட்டார். காய்ச்சல் கண்ட வீட்டைச் சுற்றி ஐம்பது வீட்டைப் பார்ப்பது அவர்கள் வழக்கம். கோகிலாவும் கூட வந்திருந்தாள். நேராக அகிலாண்டேஸ்வரி வீட்டுப் பின்கட்டுக்குப் போனார்கள். தொட்டியிலும் புழு, டிரம்மிலும் புழு. தில்லைநாயகம் வாசலுக்கு வந்து கதவுக்குப் பின்னால் இருந்த அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"கோகிலா, இங்க வா. இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான் சார்."

"ரெண்டு வாரமும் போட்டிருக்க. உள்ள போய்ப் பாத்தியா?"

அகிலாண்டேஸ்வரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் அவளை வாசலில் நிறுத்தினேன், அம்மை என்று பொய் சொன்னேன் என்று வாய் வரை வந்தது. தெருவே வாசலில் கூடி நின்றது. திருவேங்கடத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. புருஷன் ராம்சங்கர் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறவர், அவர் உள்ளேயிருந்து பேசாதே என்று கண்ணைக் காட்டினார். அவள் பேசவில்லை.

கோகிலா அவளைப் பார்த்தாள். ஒரு தரம்தான் பார்த்தாள். பிறகு தில்லைநாயகத்திடம் திரும்பி, "இல்ல சார். சரியாப் பாக்காமப் போட்டுட்டேன்" என்றாள்.

வீட்டுக்கு அபராதம் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். கோகிலாவை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று ஒப்பந்தக்காரர் போனிலேயே சொல்லிவிட்டார். நீலக் கோட்டை அங்கேயே கழற்றி மடித்து, டார்ச்சை அதன் மேல் வைத்துக் கொடுத்துவிட்டு, கடைசியாக அந்த டிரம்மை ஒரு பக்கம் பிடித்துச் சாய்க்கவும் உதவி செய்துவிட்டுத்தான் போனாள்.

ஆயிஷா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. அந்த ஒன்பது நாளும் அகிலாண்டேஸ்வரி கோயிலுக்குப் போகவில்லை. போய் எந்த முகத்தோடு நிற்பது? வீட்டிலேயே கிழக்கே பார்த்து உட்கார்ந்து, "தாயே, உன் பேரைச் சொல்லிக் கதவை அடைச்சவ நான். அந்தப் பிள்ளை என்ன செஞ்சது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள் பிள்ளை மெலிந்து, கண் மட்டும் பெரிதாக, ஃபாரூக்கின் தோளில் வந்து இறங்கியது.

அன்றைக்கே அகிலாண்டேஸ்வரி பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஷஹீரா பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அகிலாண்டேஸ்வரி கீழே உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். ஃபாரூக் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். ஷஹீரா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"எனக்குத் தெரியாததையா சொல்லுதிய? மாடியில நின்னு சிரிச்சவதானே நானு" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, அவ்வளவு அசதி. "என்னாலயும் இப்ப ஒண்ணும் பேச முடியலக்கா. ஆனா அந்தக் கோகிலாக்கா பாவம். அன்னைக்குத் தண்ணி கொண்டாந்து வச்சவளுக்கு இப்படியா செய்யணும்."

"எந்தத் தண்ணி?"

"போன வருசம் சித்திரையில. உங்க பின்வாசல்ல ரெண்டு குடம். நான் மாடியில இருந்து பாத்தனே. நீங்க பாயசம் கொடுத்தப்போ எதுக்குன்னு எனக்கு விளங்கவே இல்ல."

அகிலாண்டேஸ்வரி வீட்டுக்கு வந்து பின்வாசல் படியில் உட்கார்ந்தாள்.

மறுநாள் புருஷன் தடுத்தும் கேட்காமல் தில்லைநாயகத்தைப் போய்ப் பார்த்தாள். வேப்பிலை செருகியதைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அவளுக்கு நான் பேசிப் பாத்திருப்பேன். இப்ப வேற ஆளு போட்டாச்சு. அதோட, நீங்க சொன்னது பொய்யா இருந்தாலும் அவ போட்ட கையெழுத்து பொய்தானே அம்மா? ஒரு வீட்டை நம்பி விட்டா, அடுத்த வீட்டுக்கு யாரு பதில் சொல்லுதது?" பிறகு கொஞ்சம் தணிந்து, "எங்க வீட்டுலயும் இந்த ஆளுங்க வந்தா எங்க அம்மா ஏசத்தான் செய்யுதாங்க. நான் என்ன செய்ய" என்றார்.

கோகிலாவின் அறைக்குப் போனால் பூட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார்கள், ராயகிரியில் மகள் வீட்டுக்கே போகிறார்கள், இனி வரமாட்டார்கள் என்று வீட்டுச் சொந்தக்காரர் சொன்னார். அகிலாண்டேஸ்வரி ஓட்டமும் நடையுமாகப் போனாள். ராயகிரி போகிற பஸ்ஸில் சுடலைராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கோகிலா கீழே நின்று ஸ்டவ்வையும் சாக்கு மூட்டையையும் படிக்கட்டுக்கு உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா" என்றாள், வீட்டுக்கு வந்தவளைக் கூப்பிடுகிற மாதிரி. "பிள்ளை வந்துட்டாமே. கோமதித் தாயி காப்பாத்திட்டா."

"அன்னைக்கு நீ ஏன் சொல்லல? நான் அம்மைன்னு பொய் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் வேலை நின்னிருக்குமே."

"அது பொய்யின்னு எனக்குத் தெரியுமேக்கா. ரெண்டு திங்களும் உங்க வீட்டுக்காரரு டீக்கடையில பஜ்ஜி தின்னுட்டு நின்னாரு. பாத்துட்டுத்தான் வந்தேன்."

"தெரிஞ்சுமா போட்ட?"

கோகிலா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சலிச்சுப் போச்சுக்கா. தெனமும் ஐம்பது வீட்டுக்குள்ள வேண்டாத ஆளாப் போயிட்டு வாரது. நீங்க தாயாரைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்துனிய. அத்தனை தூரம் நான் வேண்டாம்னு நினைக்கியன்னா, இந்த ஒரு வீட்டை விட்டுருவோம்னு தோணிச்சு. தாயாரு பேரால சொல்லுதியளான்னு கேட்டேன், சொன்னிய. அதுக்கு மேல தாண்ட எனக்குக் காலு வரல. தாண்டியிருக்கணும். அந்தப் பிள்ளை கண்ணு முழிக்கிற மட்டும் நானும் தூங்கல."

"சித்திரையில தண்ணி வச்சது நீன்னு நேத்துதான் தெரியும்" என்று அகிலாண்டேஸ்வரி சொன்னாள். கோகிலா கடைசி மூட்டையையும் உள்ளே தள்ளினாள். கண்டக்டர் விசில் அடித்தார். அவள் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். பஸ் நகரத் தொடங்கிய பிறகும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"அக்கா, தண்ணிய மட்டும் மாத்துனாப் போதாது. முட்டை டிரம்மு விளிம்புல ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும், காஞ்சாலும் சாகாது. தேங்கா நாரு வச்சு நல்லா அழுத்தித் தேச்சுக் கழுவுங்க. என் வேலைக்குப் புதுசா வார பிள்ளை சின்னப் பிள்ளை, அதுக்குக் குனிஞ்சு தேய்க்கத் தெரியாது. நீங்களே தேச்சிருங்க."